கேப்டன் வேகம் பிடித்தார்

"மாமா! கயிறு வேணுமா? கட்டி இழுத்துட்டுப் போகட்டுமா?"

நடு ஆற்றில் இப்படிக் கேட்டது கேப்டனின் மச்சினன். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. நிற்கிற வேகத்தில் அவன் வரவும் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் படகு, அதன் பின்னால் புத்தம்புது எஞ்சின், அதை ஓட்டிக் காட்டுவதற்கென்றே விற்பனைக் கம்பெனியிலிருந்து வந்த கூலிங்கிளாஸ் ஆசாமி. எல்லாம் சேர்ந்து விர்ரென்று போய்விட்டன. அவர்கள் கிளப்பிய அலை கேப்டனின் படகை ஒரு ஆட்டு ஆட்டி, முன்பெஞ்சில் இருந்தவர்களின் மடியை நனைத்துவிட்டுப் போனது.

கேப்டன் என்பது பட்டப்பெயர்தான். கப்பல் எதையும் அவர் ஓட்டியதில்லை. இந்தக் கரையில் குடியிருப்பவர்களைக் காலையில் அந்தக் கரையிலுள்ள வரி ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார். மரப்படகு, தகரக் கூரை, வயிற்றுக்குள் ஒரு பழைய டீசல் எஞ்சின். கல்யாணத்துக்குக் கிளம்புகிற பெரியப்பா மாதிரி அந்த எஞ்சின் கிளம்பவே நேரமாகும், கிளம்பிய பிறகும் அவசரம் காட்டாது. ஆனால் நின்றதில்லை. அதில்தான் கேப்டன் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மச்சினன் படகு வாங்கியதோடு விட்டிருந்தால்கூடக் கேப்டன் பொறுத்திருப்பார். முந்தின நாள் வீட்டுக்கு வந்து, அக்கா பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டுக்கொண்டே, "திங்கக்கிழமைலேருந்து நானும் ஆபீஸ் ட்ரிப் ஓட்டப்போறேன் மாமா. உங்களுக்கு என்ன கவலை? பேசாம நம்ம படகுல வந்து கயிறு பிடிங்க. வெளியாளை வைக்கிறதுக்கு நீங்களே இருக்கலாமே" என்று சொல்லியிருந்தான்.

மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து கேப்டனுக்குத் தெரிந்த பையன். அவன் சுக்கானைப் பிடிப்பானாம், இவர் கயிறு பிடிக்க வேண்டுமாம். அதைவிட, "நல்லதுக்குத்தானே சொல்றான்" என்று மனைவி அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்ததுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"பார்த்தீங்களா, பறக்குது" என்றார் கேப்டன் இப்போது, முன்பெஞ்சுக்காரர்களின் முகத்தைப் பார்க்காமல்.

முன்பெஞ்சில் மூன்று பேர். வரி ஆபீஸ் ஹெட் கிளார்க், கேஷியர், டைப்பிஸ்ட் அம்மா. ஆபீஸ் கூட்டத்துக்கே இவர்கள்தான் தலைமை. இவர்கள் ஏறுகிற படகில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள். ஹெட் கிளார்க் நல்ல நீச்சல்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றில் இறங்கிவிடுவார். மற்ற நாட்களில் குறுக்கெழுத்துப் புதிர். கேஷியர் ஏறியதும் தூங்குவார். டைப்பிஸ்ட் அம்மா பின்னுவது ஸ்வெட்டர்.

"பறந்து எங்க போகப்போறான்? அந்தக் கரைக்குத்தானே?" என்றார் ஹெட் கிளார்க், நனைந்த புதிரை உதறியபடி.

"உங்களை விட்டுட்டு நாங்க எங்க போவோம் கேப்டன்?" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

கேப்டனுக்குச் சுருக்கென்றது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் 'உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்பார்களே, அந்தக் குரல் அது.

"வேண்டாம்மா. இரக்கப்பட்டு யாரும் என் படகுல ஏற வேண்டாம். இதே எஞ்சினை வேகமாக்கிக் காட்டறேன். மச்சினனை முந்தலைன்னா என் பேர் கேப்டன் இல்லை."

கேஷியர் கண் விழித்தார். ஹெட் கிளார்க் பென்சிலைக் கீழே வைத்தார். ஸ்வெட்டர் ஊசி நின்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்காக இவ்வளவு கவலைப்படுகிறார்களே என்று கேப்டன் நெகிழ்ந்துபோனார்.

அக்கரைப் படித்துறைக்கு நேரெதிரே வரி ஆபீஸ். வாசலில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிகளில் சிவப்புத் தீயணைப்பு வாளிகள், நடுவில் ஒரு கொக்கி மட்டும் காலி. அதன் கீழே ஸ்டூலில் வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பார். கேப்டனின் படகு படித்துறையைத் தொட்டதும் அவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, டாங் டாங்கென்று மணி அடிப்பார். வேறு எந்தப் படகுக்கும் அவர் எழுந்ததில்லை. இது தனக்குச் செய்கிற மரியாதை என்பது கேப்டனின் நினைப்பு. மனைவியிடம்கூட இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றும் மணி அடித்தது. இந்த மரியாதையெல்லாம் திங்கட்கிழமையோடு போய்விடுமோ என்று அவர் கவலைப்பட்டார்.

முதலில் மெக்கானிக்கிடம்தான் போனார். மெக்கானிக் எஞ்சினை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"கேப்டன், இது ஓடுறதே பெரிசு. இதுக்கு மேல வேகம் வேணும்னா இதைக் கழட்டி வச்சுட்டு வேற ஒண்ணு மாட்டணும்."

"வீட்டுல வயசானவங்க மெதுவா நடந்தா கழட்டி வச்சுடுவியா நீ?" என்று கேட்டுவிட்டுக் கோபமாகத் திரும்பினார் கேப்டன்.

மறுநாள் காலையில் ஹெட் கிளார்க் கையில் ஒரு டப்பாவோடு படகு ஏறினார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் கேப்டன். கோளாறு ஆயில்ல இருக்கு. நீங்க ஊத்தறது தண்ணி மாதிரி இருக்கு. பழைய எஞ்சின் உள்ளே தேஞ்சு லொடலொடன்னு இருக்கும். கெட்டியா ஊத்தினாத்தான் பிடிமானம் கிடைக்கும். என் சொந்தக்காரர் லாரி வச்சிருக்கார், அவர்கிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தேன். இது என் அன்பளிப்பு."

படித்தவர், நாலும் தெரிந்தவர், தன் கையால் கொண்டுவந்து கொடுக்கிறார். கேப்டன் பழைய ஆயிலை ஒரு டின்னில் இறக்கி வைத்துவிட்டுப் புதியதை ஊற்றினார். வெல்லப்பாகு போல இறங்கியது. பிறகு கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் அசையவில்லை. கேஷியர் ஒரு கை பிடித்தார், அப்போதும் அசையவில்லை. ஆபீஸ் கூட்டம் மொத்தமும் முறை வைத்துச் சுற்றி, ஒருவழியாக அது கண் விழித்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. நடு ஆற்றில் எஞ்சின் மூச்சு முட்டி முனகியது. வழக்கத்தைவிட எவ்வளவோ தாமதம்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் கேப்டன், கூனிக் குறுகி.

"சேச்சே, முதல்ல அப்படித்தான் இருக்கும். உடம்புல ஊறணுமில்லை?" என்று தட்டிக்கொடுத்தார் ஹெட் கிளார்க். அன்றைய குறுக்கெழுத்தை முழுசாக முடித்திருந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

வாட்ச்மேன் மணி அடித்தார். அந்த மணிச்சத்தம் மட்டும்தான் கேப்டனுக்கு ஆறுதல்.

அடுத்தது கேஷியர். ஒரு சாக்கு மூட்டையைப் படகில் வைத்துப் பிரித்தார். உள்ளே பித்தளையில் ஒரு விசிறி. படகுக்கு அடியில் சுழன்று தண்ணீரைத் தள்ளுமே, அந்த விசிறி. கேப்டன் படகில் இருந்ததைப்போல ஒன்றரைப் பங்கு பெரிசு.

"பழைய கப்பல் சாமான் கடையில பிடிச்சேன். சின்னக் கரண்டியால சாப்பிடறதும் பெரிய கரண்டியால சாப்பிடறதும் ஒண்ணா கேப்டன்? இது ஒரு தள்ளு தள்ளினா உங்க விசிறி நாலு தள்ளு தள்ளின மாதிரி."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுவும் கேஷியரே சொல்கிற கணக்கு. கேப்டன் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனார். ஹெட் கிளார்க் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"நீங்க இறங்காதீங்க! இருமல் இருக்கு உங்களுக்கு. நான் முழுகி மாட்டறேன்."

"சார், நீங்க போய் என் படகுக்கு அடியில..."

"நமக்குள்ள என்ன கேப்டன்?"

ஹெட் கிளார்க் முழுகி முழுகி எழுந்து விசிறியை மாற்றிக் கொடுத்தார். அவர் தலை துவட்டிக்கொள்ள கேப்டன் தன் புதுத் துண்டையே எடுத்து நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னார். தன் கூடப் பிறந்தவனைக் குத்துகிறார் என்று நினைத்து அவள் அவரோடு பேசவில்லை.

பெரிய விசிறியைச் சுழற்ற எஞ்சினுக்குத் தெம்பில்லை. கக்கிய புகை கன்னங்கரேலென்று கூரைக்குள் சுழன்று, ஆபீஸ் கூட்டத்தின் வெள்ளைச் சட்டைகளில் புள்ளி வைத்தது. சூடு தாங்காமல் வழியில் ஐந்தாறு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. சரி, மெதுவாகத்தான் போகிறதே என்று படித்துறைப் பக்கத்தில் அசட்டையாக இருந்தால், எஞ்சின் வேகத்தைக் குறைத்த பிறகும் அந்த விசிறி படகைத் தள்ளிக்கொண்டே போய்த் துறைக் கம்பத்தில் முட்டியது. கேஷியர் பெஞ்சிலிருந்து உருண்டார். உருண்ட இடத்திலேயே படுத்துக்கொண்டு, "பரவாயில்லை கேப்டன், நல்ல தூக்கம்" என்றார்.

"எனக்கு என்னமோ முன்பக்கம் ரொம்பத் தூக்கிட்டு நிக்கற மாதிரி தெரியுது" என்று ஆரம்பித்தாள் டைப்பிஸ்ட் அம்மா மறுநாள். "மூக்கைத் தூக்கிட்டு நின்னா எப்படி ஓடும்? ஓடறவங்க குனிஞ்சுதானே ஓடறாங்க? முன்னாடி கொஞ்சம் மணல் மூட்டை அடுக்குங்களேன்."

அடுக்கினார். மணல் அள்ள ஆபீஸ் கூட்டமே கரையில் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தது. படகு நன்றாகக் குனிந்தது. குனிந்த மூக்கு தண்ணீரை ஏர்போல உழுதுகொண்டு போக, ஒவ்வொரு அலையும் உள்ளே எட்டிப் பார்த்தது. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அன்று சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். படகு அக்கரை சேர்ந்தபோது அந்த அரை நாளில் பாதியும் முடிந்திருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் ஸ்வெட்டரும் முடிந்திருந்தது.

வாட்ச்மேன் கொட்டாவி விட்டபடி மணி அடித்தார்.

"திங்கக்கிழமை வேற ஏதாவது யோசிப்போம் கேப்டன், மனசை விட்டுடாதீங்க" என்று மூவரும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவர் நிலைமைக்கு அவர்கள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கேப்டனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. கரையில் கட்டியிருந்த படகுக்கு எதிரே கேப்டன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி வந்தாள். ஒரு கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், மறு கையில் கரண்டி.

"நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" என்று கேட்டார் கேப்டன். "கயிறு பிடிக்கிறவன் என்ன சட்டை போடணும்னு உன் தம்பியைக் கேட்டுச் சொல்லு."

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சுக்கானைப் பிடிச்சுத்தான் எனக்குப் பார்த்துப் பழக்கம்" என்றாள். பிறகு, "இந்தப் படகைக் கடைசியா எப்போ கரையேத்தினீங்க?" என்று கேட்டாள்.

"தினமும் ட்ரிப் இருக்கு, எப்போ ஏத்தறது? நானும் ரெண்டு மூணு தடவை நினைச்சேன், ஹெட் கிளார்க் சார்தான் வேண்டாம்னார். மரம் காஞ்சா வெடிச்சிடுமாம். இப்போ அதுக்கென்ன? கோளாறு எஞ்சின்ல. நீ என்னமோ அடியைத் தேய்க்க வந்திருக்கே."

"பாத்திரத்துல அடிப்பிடிச்சு மொத்தமா அப்பிக்கிடந்தா, பால் கொதிக்கலைன்னு அடுப்பை மாத்திட்டே இருப்பீங்களா? இழுங்க முதல்ல."

இரண்டு பேர் இழுத்து வருகிற படகா அது? அவளே போய்த் தம்பியைக் கூட்டிவந்தாள். தன்னோடு போட்டி போடப்போகிற படகு என்பதைக்கூட நினைக்காமல் அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏலேலோ போட்டான். படகு சாய்ந்தபடி கரையேறியது.

மூவரும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். மரமே தெரியவில்லை. முழங்கை நீளத்துக்குப் பாசி. பாசிக்குள் சிப்பி, சிப்பிக்குள் குடும்பம் நடத்துகிற நண்டு. போதாததற்கு, நடு அடிக்கட்டையில் இருந்த ஒரு வளையத்தில் கயிறு மாட்டி, கயிற்றின் நுனியில் கனமான ஒரு இரும்பு வாளி, வாய் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்துல என்னென்ன குப்பை வந்து மாட்டுது பாரு" என்றார் கேப்டன். கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிய முடிச்சு ஒன்று இருந்தது. ஆற்றுக்கு எப்போது முடிச்சுப் போடத் தெரிந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நல்ல வாளி. தூக்கிப் போடாதீங்க" என்று மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள்.

நாள் முழுக்கச் சுரண்டினார்கள். "அவங்கவங்க குடுத்ததை அவங்கவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பழைய விசிறி திரும்ப ஏறியது, பழைய ஆயில் திரும்ப எஞ்சினுக்குள் போனது, மணல் கரைக்குப் போனது. நடுவில் ஹெட் கிளார்க் நீச்சலுக்காகத் துண்டோடு வந்தார். கவிழ்த்துப் போட்ட மீன் மாதிரி கரையில் கிடந்த படகைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கேப்டன்... கரையேத்திட்டீங்களா?"

"ஆமாம் சார்! நாளைக்குப் பாருங்க!"

ஹெட் கிளார்க் குளிக்காமலே திரும்பிப் போனார். உடம்புக்கு என்னவோ போலிருக்கிறது, அன்றைக்கு முழுகியதில் சளி பிடித்திருக்கும் என்று கேப்டன் வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை படகு கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதுகூடச் சரியில்லை, பாய்ந்தது. அதே எஞ்சின், அதே சத்தம், ஆனால் கரை பின்னால் ஓடியது. கேப்டனுக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. முன்னால் மச்சினனின் புதுப்படகு போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக.

"என்ன மாப்ளே, கயிறு வேணுமா?"

"புது எஞ்சின் மாமா! அன்னைக்கு ஓட்டிக் காட்டினதோட சரி, முதல் மாசம் பாதி வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கம்பெனியில கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க!" என்று பரிதாபமாகக் கத்தினான் மச்சினன். அவன் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அதற்குள் கேப்டன் தாண்டிவிட்டார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. சுக்கானைப் பிடித்தபடி சத்தம் போட்டே சிரித்தார்.

சிரித்துக்கொண்டே முன்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஹெட் கிளார்க் புதிரில் முதல் கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. கேஷியர் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார், படகு துறையில் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்தார். டைப்பிஸ்ட் அம்மா புதிதாக ஆரம்பித்த ஸ்வெட்டரில் இரண்டு வரிகூடத் தேறவில்லை. படித்துறையில் ஈ காக்கை இல்லை. ஆபீஸ் ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

குறட்டை விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் படகைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து விழுந்தடித்து எழுந்து, ஒரு காலில் செருப்பு மாட்டியும் மாட்டாமலும் ஓடிப் போய் மணி அடித்தார். டாங் டாங். ஆபீஸ் கூட்டம் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாகப் படியேறி உள்ளே போனது. யாரும் 'சபாஷ் கேப்டன்' என்று சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. படகுக்குள் தெறித்திருந்த தண்ணீரை அள்ளி ஊற்றியபடி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். கையில் நேற்றுக் கிடைத்த அதே வாளி. மனைவி விடிய விடியத் தேய்த்ததில் பாசியெல்லாம் போய்ச் சிவப்புப் பெயின்ட் பளபளத்தது.

"என்னய்யா இவங்க இப்படிப் போறாங்க? ஒருத்தர் ஆயில் குடுத்தார், ஒருத்தர் விசிறி குடுத்தார், அந்தம்மா மணல் மூட்டை போடச் சொல்லிச்சு. எனக்கு வேகம் வரணும்னு அவ்வளவு பாடுபட்டாங்க. இன்னைக்கு வந்துடுச்சு, ஒருத்தர் முகத்துலயும் ஈயாடலையே!"

வாட்ச்மேன் கேப்டனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த சிவப்பு வாளியைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஆபீஸ் வாசலில் காலியாக இருந்த அந்த ஒற்றைக் கொக்கியைப் பார்த்தார்.

"உங்க படகு வந்து சேர்ந்தாத்தான் ஆபீஸ் ஆரம்பிக்கிற மணி அடிக்கணும்னு பெரிய ஐயா என்னைக்கு உத்தரவு போட்டாரோ, அன்னைக்குத்தான் கேப்டன், ஹெட் கிளார்க் ஐயா இந்த வாளியை எங்கிட்ட வாங்கிட்டு நீச்சலுக்குப் போனார்."